புயலும் சோறும்



புயல் என்றால் எல்லாருக்கும் காற்றுதான் நினைவுக்கு வரும். மரம் விழும். கூரை பறக்கும். கடல் ஊருக்குள் வரும். இதெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் நடப்பது. காற்று ஓய்ந்த மறுநாள் காலையில் என்ன ஆகிறது? குழந்தை பசிக்கிறது என்று அழுகிறது. மண் அடுப்பு கரைந்து கிடக்கிறது. அரிசிப் பானையில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. விறகு ஊறிப் போயிருக்கிறது. கடைக்குப் போகலாம் என்றால் கடையையே காணோம். கையில் பணம் இருப்பவருக்கும் அன்றைக்குச் சோறு இல்லை. இன்றைய பேச்சு அந்த மறுநாள் காலையைப் பற்றியது.

இதற்கு ஒடிசா மாநிலத்தின் அனுபவத்தைப் பார்க்கலாம். முன்பு அதை ஒரிசா என்று சொல்வார்கள். அது வங்காள விரிகுடாவின் கரையில் இருக்கிறது. இந்தக் கடல் வடக்கே போகப் போகக் குறுகும், ஒரு புனலைப் போல. ஆழமும் குறையும். புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் அது மேலே எழும்பிக் கரை ஏறுகிறது. புயல் வந்த இடங்களில் காற்றில் செத்தவர்களைவிடத் தண்ணீரில் செத்தவர்களே பல முறை அதிகமாக இருந்திருக்கிறார்கள்.

1999ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒடிசாவை இரண்டு புயல்கள் தாக்கின. மாத நடுவில் வந்த முதல் புயல் கஞ்சாம் மாவட்டத்தில் நாசம் செய்தது. அந்தக் காயம் ஆறவில்லை. அதற்குள் 29ஆம் தேதி இரண்டாவது வந்தது. அதைப் பெரும்புயல் என்கிறார்கள். பாரதீப் துறைமுகத்துக்கு அருகே அது கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். வேகமாக ஓடும் எக்ஸ்பிரஸ் ரயிலைப்போல் இரண்டு பங்கு. கடல் 5 முதல் 6 மீட்டர் உயரத்துக்கு எழுந்து உள்ளே வந்தது. ஓலை வீட்டின் கூரை அந்தத் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கிவிடும். கரை ஏறிய புயல் சீக்கிரம் கலைந்து போயிருந்தால் சேதம் கொஞ்சம் குறைந்திருக்கும். அதுவும் நடக்கவில்லை. நிலத்தின் மேலேயே நின்று மழையைக் கொட்டித் தீர்த்தது.

அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 9,885 பேர். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் ஜகத்சிங்பூர் என்ற ஒரே மாவட்டத்துக்காரர்கள். அங்கே எரசமா வட்டாரம்தான் மிகவும் அழிந்தது. மாடு, எருமை, ஆடு என்று 4 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. ஏழை வீட்டில் ஒரு மாடு என்றால் அது பாலும் உழவும் சேமிப்பும் சேர்ந்தது. அதைக் கணக்கில் எழுதுவது சுலபம். திரும்ப வாங்குவது சுலபமில்லை.

எச்சரிக்கை வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வானிலைத் துறை சொன்னது. வானொலியும் சொன்னது. ஆனால், "போ" என்றால் எங்கே போவது? புயலைத் தாங்கும் காப்பகங்கள் அந்த நீண்ட கடற்கரையில் மிகச் சிலவே இருந்தன. செஞ்சிலுவைச் சங்கம் கட்டியவை அவை. அந்தக் கட்டடங்களுக்குள் போய்ச் சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் மண் சுவருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். போக இடம் இல்லாதவரிடம் எச்சரிக்கை மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்?

காற்று நின்றது. பசி தொடங்கியது. தொலைபேசி இல்லை. மின்சாரம் இல்லை. தலைநகரமான புவனேசுவரமே வெளியுலகத்தோடு தொடர்பு அறுந்து கிடந்தது. பொழுதுபோக்குக்காக வானொலிக் கருவி வைத்துப் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிலர் செய்தி அனுப்ப உதவினார்கள். சாலை முழுவதும் மரங்கள். ஒரு மரத்தை வெட்டி நகர்த்தினால் அடுத்த மரம். கோடாரியும் அரமும் இருந்த ஊரில் வழி சீக்கிரம் திறந்தது. இல்லாத ஊரில் லாரி நின்ற இடத்திலேயே நின்றது. நிவாரணம் என்றதும் அரிசி மூட்டையைத்தான் எல்லாரும் எண்ணுகிறார்கள். மரம் அறுக்கும் வாளை யாரும் எண்ணுவதில்லை. வாள் இல்லாவிட்டால் மூட்டை வந்து சேராது.

விமானப் படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. தண்ணீர் சூழ்ந்த இடத்துக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் வானத்திலிருந்து விழும் பொட்டலம் ஆள் பார்த்து விழாது. ஓடிப் பிடிக்கத் தெம்புள்ளவருக்குக் கிடைக்கும். கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் நடக்க முடியாத கிழவருக்கும் அது எட்டாது. சாலை வழியாக வந்த உதவியிலும் இதே கதைதான். சாலையோர ஊர்களில் லாரியைப் பசித்தவர்கள் மறித்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே ஆற்றுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருந்தவர்கள் பல நாள் காத்திருந்தார்கள். விழுந்து கிடந்த தென்னை மரங்களின் இளநீரும் தேங்காயும்தான் பலருக்கு உணவு. ஊறி நாற்றமெடுத்த அரிசியைச் சமைத்துத் தின்றவர்களும் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அக்டோபர் கடைசி என்றால் ஒடிசாவில் நெல் கதிர் முற்றும் காலம். அறுவடைக்குச் சில வாரங்களே பாக்கி. பழைய நெல் தீரும் நேரம், புது நெல் வீட்டுக்கு வராத நேரம். அந்த இடைவெளியில் புயல் வந்தது. ஆக, பானையில் இருந்ததும் போயிற்று, வயலில் இருந்ததும் போயிற்று. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வார உதவி போதாது. அடுத்த அறுவடை வரைக்கும் வயிற்றுக்கு வழி வேண்டும்.

பசியோடு கூடவே வயிற்றுப்போக்கும் வந்தது. கிணறுகளில் உப்புத் தண்ணீர். குளங்களில் செத்த மாடுகள். சோறு கொடுத்தவர்கள் குடிதண்ணீரை மறந்தால் அந்தச் சோறு உடம்பில் தங்காது. அதனால்தான் உணவு உதவி என்று பேசும்போது தண்ணீரையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் நல்லது. விறகு ஊறிப் போன நாளில் அது நடக்காது. அப்போது குளோரின் மாத்திரை போட்ட தண்ணீர்தான் கை கொடுக்கும். கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் வேண்டும். அதைச் சுகாதார ஊழியர் அளந்து போடுவார். பிறகு ஒடிசாவின் கடலோர ஊர்களில் அடி பம்புகளை உயரமான மேடை கட்டி அதன் மேல் வைக்கத் தொடங்கினார்கள். வெள்ளம் வந்தாலும் பம்பின் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும். சின்ன வேலைதான். அதன் பயன் பெரியது.

அந்தப் புயலுக்குப் பிறகு, அதே 1999 டிசம்பரில், ஒடிசா அரசு பேரிடர்களுக்கென்றே ஒரு தனி அமைப்பை உண்டாக்கியது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. நாடு முழுவதற்குமான பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல்தான் வந்தது. ஒடிசாவில் கடற்கரை நெடுகக் காப்பகங்கள் எழுந்தன. 20 ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை 800-ஐத் தாண்டியது. உயரமான தூண்களின் மேல் நிற்கும் கட்டடங்கள் அவை. கீழே திறந்த வெளி. கடல் வந்தால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாகவும் கூட்டம் நடத்தும் இடமாகவும் பயன்படும். இது நல்ல யோசனை. பூட்டிக் கிடக்கும் கட்டடம் கெட்டுப் போகும். தினமும் புழங்கும் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஊர்க்காரர்களைக் கொண்ட ஒரு குழு உண்டு. அங்கே ஜெனரேட்டர் இருக்கும். மரம் அறுக்கும் எந்திரம் இருக்கும். பெரிய அண்டா, குண்டான், கரண்டி இருக்கும். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒத்திகை நடக்கிறது. புயலே இல்லாத நாளில் சங்கு ஊதுகிறார்கள், ஆட்களை அழைத்துப் போகிறார்கள், முதலுதவி செய்து பார்க்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் ஜெனரேட்டர் ஓடுகிறதா, இல்லையா என்பது அன்றைக்குத்தான் தெரிகிறது.

இதற்குப் பலன் கிடைத்ததா? 2013 அக்டோபர் 12ஆம் தேதி ஃபைலின் என்ற புயல் கோபால்பூர் அருகே கரை ஏறியது. அதுவும் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுக்கு வீசிய கடும்புயல். அதற்கு முன்பே சுமார் 10 லட்சம் பேரை இடம் மாற்றிவிட்டார்கள். இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. 2019 மே 3ஆம் தேதி பூரி அருகே ஃபானி புயல் வந்தது. 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்னதாகவே வெளியேற்றினார்கள். 64 பேர் இறந்தார்கள். அந்த 64 குடும்பத்துக்கும் இழப்பு பெரியதுதான். ஆனாலும் 9,885 என்ற எண்ணையும் 64 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இங்கே ஒரு சங்கதி பலர் கண்ணில் படுவதில்லை. 12 லட்சம் பேரை வீட்டை விட்டு எழுப்புவது வெறும் வாய்ப்பேச்சால் நடக்காது. "அங்கே போனால் சோறு யார் போடுவார்?" என்று முதலில் கேட்பவள் வீட்டுக்காரி. "மாட்டை என்ன செய்வது?" என்று கேட்பவர் கிழவர். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத ஊரில் ஆட்கள் நகர மாட்டார்கள். ஃபானி சமயத்தில் காப்பகங்களுக்காகப் பல ஆயிரம் இலவசச் சமையற்கூடங்கள் நடந்தன. அண்டா அடுப்பில் ஏறியது தெரிந்தால் வயதானவர்களும் எழுந்து நடப்பார்கள். காப்பகத்துச் சோறு என்பது பசிக்கு மட்டுமில்லை. அது உயிரைக் காப்பாற்றும் அழைப்பும் ஆகும்.

அண்டா எப்போது அடுப்பில் ஏற வேண்டும்? வானிலைத் துறை புயல் செய்தியைப் படிப்படியாகச் சொல்கிறது. 72 மணி நேரத்துக்கு முன் முதல் கண்காணிப்புச் செய்தி. 48 மணிக்கு முன் புயல் உஷார். 24 மணிக்கு முன் எச்சரிக்கை. இந்த மூன்று நாட்களைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். முதல் செய்தி வந்த அன்றே ரேஷன் கடையில் அரிசி இருப்பு எவ்வளவு என்று பஞ்சாயத்து பார்த்துவிடலாம். விறகோ எரிவாயு உருளையோ நனையாத இடத்துக்குப் போக வேண்டும். அவல், வெல்லம், மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாம் கடைசி நாளில் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை இரண்டு பங்காகும். கர்ப்பிணிகளை முன்னதாகவே மருத்துவமனைப் பக்கம் கொண்டு போக வேண்டும். 2024 அக்டோபரில் டானா புயல் வந்தபோது ஒடிசாவில் 4,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை அப்படிக் கொண்டு சேர்த்தார்கள்.

முதல் இரண்டு மூன்று நாளுக்கு உலர்ந்த உணவுதான் சரி. ஒடிசாவில் அது அவலும் வெல்லமும். அடுப்பு வேண்டாம். தண்ணீரில் நனைத்தால் சாப்பிடலாம். கெட்டுப் போகாது. சுமப்பதும் எளிது. வெல்லம் உடனே தெம்பு தரும். பெரிய நாடுகளிலிருந்து வரும் பிஸ்கட்டைவிட ஊர்க்காரர்களுக்குப் பழகிய அவல் மேல். பழகாத உணவைப் பசித்த குழந்தை கூடத் தள்ளிவிடும். அதற்குப் பிறகு சூடான சமைத்த உணவு. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த கிச்சடி. ஒரே பாத்திரத்தில் முடியும் வேலை. சமையற்கூடம் ஓடத் தொடங்கிய பிறகும் சிலர் அதையே நம்பி இருக்க நேரும். வீடு திரும்பியவர்களுக்கு மட்டும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கையில் கொடுப்பது நல்லது. தன் வீட்டு அடுப்பில் தன் கையால் சமைப்பது ஒரு பெண்ணுக்குப் பாதி பாரத்தை இறக்கி வைக்கும்.

கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட நேரத்தில் நல்ல மனதோடு சிலர் பால் பவுடர் டப்பாக்களைக் கொண்டு வந்து கொடுப்பார்கள். அழுக்குத் தண்ணீரில் கரைத்த பால் பவுடர் குழந்தைக்கு ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பயத்தில் பால் வற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிர்ச்சியில் சுரப்பது சற்றுக் குறையலாம். குழந்தையை அடிக்கடி மார்பில் விட்டால் மறுபடி சுரக்கும். அந்தத் தாய்க்குத் தண்ணீரும் கூடுதல் சோறும் கொடுப்பதுதான் குழந்தைக்குக் கொடுக்கும் நிவாரணம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? உலக அளவில் உணவு உதவி செய்பவர்கள் 2,100 கலோரி என்று வைத்திருக்கிறார்கள். கலோரி என்பது உணவு தரும் தெம்பின் அளவு. தானியமாகச் சொன்னால் 400 கிராம். அதோடு பருப்பு சுமார் 60 கிராம், எண்ணெய் 25 கிராம், உப்பு கொஞ்சம். 5 பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ அரிசி. ஃபானி புயலுக்குப் பிறகு பூரி மாவட்டத்தில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த குடும்பங்களுக்கு 50 கிலோ அரிசியும் 2,000 ரூபாயும் பிளாஸ்டிக் விரிப்பும் அறிவித்தார்கள். 50-ஐ 2-ஆல் வகுத்துப் பாருங்கள். 25 நாள். 5 பேருக்கு ஒரு மாதம் ஓட்ட இன்னும் 10 கிலோ வேண்டும். அரிசி மட்டும் போதாது என்பதால்தான் பணமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பருப்பு, எண்ணெய், மருந்து எல்லாம் அந்த 2,000-க்குள் வர வேண்டும்.  கணக்குத் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வியே வேறு. "எதாவது கொடுங்கள்" என்று கேட்க மாட்டார்கள். "இது எத்தனை நாளைக்கு? அடுத்தது எப்போது?" என்று கேட்பார்கள்.

கேட்க உரிமையும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் நிவாரண முகாம்களில் குறைந்தபட்சம் என்னென்ன தர வேண்டும் என்று வகுக்கச் சொல்கிறது. தங்க இடம், உணவு, குடிதண்ணீர், மருத்துவம், கழிப்பிட வசதி எல்லாம் அதில் அடக்கம். விதவைகளுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யச் சொல்லியும் இருக்கிறது. இது தர்மம் இல்லை, சட்டம். வரிசையில் நிற்பவர் தலை குனிய வேண்டியதில்லை.

வரிசை என்றதும் இன்னொரு பேச்சு வருகிறது. வரிசைக்கே வர முடியாதவர் யார்? ரேஷன் அட்டை தண்ணீரில் போனவர். வேலை தேடி வந்து, இந்த ஊர் அட்டையே இல்லாதவர். கண் தெரியாதவர். தனியாக இருக்கும் பாட்டி. புதிதாகக் கல்யாணம் ஆகி இன்னும் பெயர் சேராத மருமகள். இவர்களின் பட்டியலைப் புயலுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். எழுத்துப் படித்தவர்கள் ஊருக்குச் செய்யக்கூடிய முதல் வேலை அதுதான். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், வயது, எந்தத் தெரு, தூக்கிச் செல்ல ஆள் வேண்டுமா என்று எழுதினால் போதும். ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், நிலப் பட்டா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை என்ற ஏற்பாடு இருப்பதால், சட்டத்தில் சேர்ந்தவர் வேறு மாநிலத்து நியாயவிலைக் கடையிலும் தன் தானியத்தை வாங்கலாம். இது தெரியாமல் பட்டினி கிடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேறொரு தடையும் உண்டு. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஃபானி வந்த நாளில் பூரி மாவட்டத்தில் ஒரு ஊரில் தலித் குடும்பங்களைப் பொதுக் கட்டடத்திலிருந்து வெளியேற்றியதாகவும், அவர்கள் ஒரு ஆலமரத்தடியில் ஒதுங்கியதாகவும் செய்திகள் வந்தன. காற்று 170 கிலோமீட்டருக்கு மேல் வீசும்போது மரத்தடி என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கட்டடம் அரசாங்கப் பணத்தில் கட்டியது. அண்டாவும் அரிசியும் பொது. ஆனால் கதவருகே நிற்பவர் ஜாதி பார்த்தால், தயார்நிலை என்று சொன்னதெல்லாம் வீண். காப்பகக் குழுவில் எல்லாத் தெருக்காரர்களும், குறிப்பாகப் பெண்களும், இருந்தால் இது குறையும். சாவி ஒரே தெருவில் இருக்கக் கூடாது.

கடைசியாக வயலைப் பற்றி. கடல் புகுந்த நிலத்தில் உப்புத் தங்கிவிடும். மழை பெய்து பெய்து அது கழுவிப் போக வேண்டும். அதுவரைக்கும் பழைய நெல் சரியாக வராது. விதை நெல்லும் போய்விட்டது. வாங்கப் பணமும் இல்லை. 1999-க்குப் பிறகு பல இடங்களில் "வேலைக்கு உணவு" என்ற முறை வந்தது. கரை கட்டுவது, குளம் தூர் வாருவது, பாதை போடுவது போன்ற வேலைக்குக் கூலியாகத் தானியம் கொடுத்தார்கள். உணவும் கிடைத்தது, ஊரும் சீரானது. கட்டாக் நகரில் 1946இல் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் தொடங்கிய தேசிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உப்பைத் தாங்கும் நெல் வகைகளை அது உண்டாக்கியது. அவற்றுக்கு லூணா சுவர்ணா, லூணா சம்பத் என்று பெயர். ஒடியா மொழியில் "லுண" என்றால் உப்பு. கடல் வந்து போன வயலில் விதைப்பதற்கான நெல். அந்த விதையை யார் வைத்திருக்கிறார்கள், எத்தனை மூட்டை, எங்கே கிடைக்கும் என்பதையும் புயல் வராத மாதத்திலேயே வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு, அதே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.